முதல் அசைவு கீழே

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். பயம் வரும் என்பது யாருக்கும் தெரியாது. அன்றுவரை எனக்கே தெரியாது. நிலம் ஆடுவதைப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஊரைச் சுற்றி ஏழு இடங்களில் கருவிப் பெட்டிகளைப் புதைத்து வைத்திருக்கிறோம். தரையில் எது குலுங்கினாலும் அவை எங்கள் மூன்றாவது மாடி அறைக்குச் சேதி அனுப்பும், திரையில் ஏழு கோடுகள் ஓடும். எங்கே குலுங்கியது, எவ்வளவு பெரிது, எவ்வளவு ஆழம், பாறை எப்படி நகர்ந்தது என்று கணக்குப் போட்டு அறிவிப்பு எழுதுவது என் வேலை. பெட்டிகளுக்கு முறையான எண்கள் உண்டு. நாங்கள் அவற்றை இருக்கிற இடத்தை வைத்துத்தான் கூப்பிடுவோம்: தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்கூடம், கோழிப்பண்ணை, இப்படி.

ஏழு பெட்டிகளுக்கும் நடுவில் இருப்பது சுரங்கம். என் தம்பி அங்கே வெடி வைப்பவன். வேலை நாட்களில் மதியம் அவன் பாறையை உடைத்தால் என் திரையில் ஒரு சின்னத் துள்ளல் தெரியும். அவன் குடும்பம் மாடியில், நான் கீழ்வீட்டில். சாயங்காலம் அவன் படியேறும்போது, "இன்னைக்கு வச்சது வெடியா, தும்மலா?" என்று கேட்பேன். வேலை வெட்டி இல்லாத ஆபீஸில் இருப்பவர்களுக்கு எல்லாமே தும்மலாகத்தான் தெரியும் என்று சொல்லிவிட்டுப் போவான்.

அன்று காலை வந்தது தும்மல் இல்லை. என் நாற்காலி தானாக ஒரு முழம் உருண்டது. ஜன்னல் கண்ணாடிகள் நறநறவென்று பல்லைக் கடித்தன. அடுத்த அறையில் யாரோ, "ஐயோ" என்று ஒரே ஒரு தடவை சொன்னார்கள், அதற்குள் ஆட்டம் நின்றுவிட்டது. கணினி தன் வேலையைத் தானே முடித்து விடையை நீட்டியது. அளவு மூன்று புள்ளி ஆறு, ஆழம் பத்து கிலோமீட்டர், வகை நிலநடுக்கம். நான் மேலோட்டமாகப் பார்த்தேன், சரி என்று அழுத்தினேன். அறிவிப்பு போய்விட்டது. இதை ஆயிரம் தடவை செய்திருக்கிறேன்.

எங்கள் தலைவரை நாங்கள் 'பொறுங்க' என்போம். தீப்பிடித்தாலும் அந்த மனிதர் அதைத்தான் முதலில் சொல்வார். அவரே அன்று எழுந்து வந்து, சீக்கிரம் அனுப்பிவிட்டேன் என்று என்னைப் பாராட்டினார்.

அப்போதுதான் தம்பி மனைவி போன் செய்தாள். அவள் தையல் கடையில் வேலை பார்ப்பவள். பின்னால் மிஷின்களின் சத்தமே இல்லை. எல்லோரும் தெருவுக்கு வந்துவிட்டார்கள் போல.

"அண்ணி, அவர் உள்ள இருக்காரு."

பயப்படாதே என்றேன். இது பத்து கிலோமீட்டர் ஆழத்தில் நடந்தது, அவர்கள் இருப்பது அரை கிலோமீட்டர்கூட இல்லை, பத்து கிலோமீட்டர் கீழே பாறை நகர்ந்தால் அவர்களுக்கு ஒன்றும் ஆகாது, நீ கடைக்குள் போய் உட்காரு என்று அடுக்கிக்கொண்டே போனேன். பத்து என்று நாலைந்து தடவை சொல்லியிருப்பேன். கடைசித் தடவை சொன்னபோதுதான் அந்தச் சொல் என் காதில் விழுந்தது.

எங்கள் தொழிலில் பத்து என்பது ஆழம் இல்லை. கணினிக்கு ஆழம் தெரியாதபோது அது பத்து என்று போட்டுக்கொள்ளும். எந்த எண்ணாவது வேண்டும் என்பதற்காக யாரோ எப்போதோ அப்படி வைத்தார்கள். எங்களுக்குள் அது தெரியும், அதனால் நாங்கள் யாரும் அதைப் படிப்பதே இல்லை. வெளியே படிக்கிறவர்கள் அதை நிஜம் என்று நம்புவார்கள். இப்போது நானே அதை எடுத்து என் தம்பி மனைவிக்கு ஆறுதலாகக் கொடுத்திருக்கிறேன். அவளிடம் அப்புறம் பேசுகிறேன் என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தேன்.

சுரங்கத்துப் பாதுகாப்பு அதிகாரிக்குப் போன் போட்டேன். மனிதர் நிதானமாக இருந்தார். எங்கள் அறிவிப்பைப் பார்த்துவிட்டாராம், ஆழம் பத்து என்றதும் அவருக்கு மூச்சு வந்ததாம். கடைசி மட்டத்தில் பதினோரு பேர் இருக்கிறார்கள், அத்தனை பேரையும் பாதுகாப்பு அறைக்குள் போகச் சொல்லியாயிற்று, அறைத் தொலைபேசி வேலை செய்கிறது, இதன் பின்னால் வரக்கூடிய சின்ன அதிர்வுகள் அடங்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள் என்றார். அந்தப் பதினோரு பேருக்குப் பொறுப்பு உங்கள் தம்பிதான் என்பதையும் எனக்குத் தெரியாதது போலச் சொன்னார்.

நிலநடுக்கம் என்றால் அவர் செய்தது சரி. அதிர்வுகள் தொடரும்போது நடைபாதையில் நடந்தால் தலையில் கல் விழும். இரும்புத் தூண் வைத்த அறைக்குள் இருப்பதுதான் புத்தி. ஆனால் ஆடியது நிலம் இல்லை, சுரங்கத்தின் கூரையே எங்கோ இடிந்து உட்கார்ந்திருக்கிறது என்றால் கதை வேறு. ஒரு பக்கம் விழுந்தால் அதன் பாரம் பக்கத்துத் தூண்களில் ஏறும், அவை நொறுங்கும், சரிவு நடந்து வரும். அப்போது உள்ளே உட்காரக் கூடாது. விட்டால் போதும் என்று ஓடி வந்துவிட வேண்டும்.

நான் திரையை விரித்து வைத்து, கணினியை ஒதுக்கிவிட்டு, கோடுகளை என் கண்ணால் பார்க்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு குலுக்கலிலும் இரண்டு அலைகள் வரும், ஒன்று வேகமானது, இன்னொன்று பின்னால் வருவது. இரண்டுக்கும் இடைவெளி எவ்வளவு குறைவோ அவ்வளவு பக்கத்தில் நடந்திருக்கிறது என்று அர்த்தம். சுரங்கத்தின் தலைக்கு நேர் மேலே இருக்கும் தண்ணீர்த் தொட்டிப் பெட்டியில் இரண்டு அலைகளும் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டிருந்தன. பத்தும் இல்லை, ஐந்தும் இல்லை. ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. என் தம்பி உட்கார்ந்திருக்கும் ஆழம்.

அடுத்தது முதல் அசைவு. ஒரு பாறை இன்னொன்றை உரசிக்கொண்டு சறுக்கினால், சுற்றி இருப்பவர்களில் சிலரை அது தள்ளும், சிலரை இழுக்கும். தள்ளப்பட்ட பெட்டியில் கோடு முதலில் மேலே போகும், இழுக்கப்பட்டதில் கீழே போகும். கலந்து வந்தால் நிலநடுக்கம். வெடி வைத்தால் எல்லாரையும் தள்ளும், ஏழும் மேலே. பள்ளம் ஒன்று உள்ளுக்குள் இடிந்தால் எல்லாரையும் தன் பக்கம் இழுக்கும், ஏழும் கீழே.

தண்ணீர்த் தொட்டி கீழே. பள்ளிக்கூடம் கீழே. நான் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே போனேன். ஆறு பெட்டிகள் கீழே என்றன. கோழிப்பண்ணை மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் மேலே என்றது.

அந்த ஒரு 'மேலே'யை வைத்துத்தான் கணினி இது நிலநடுக்கம் என்று முடிவு கட்டியிருக்கிறது. நானும் அந்தக் கோழிப்பண்ணையை நம்ப ஆசைப்பட்டேன். எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அதன் கோட்டைத் திரையில் விரலால் தடவிக் கொடுத்தேன்.

பொறுங்க என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆழம் தப்பு என்பதை உடனே ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு பெட்டி மேலே என்று சொல்லும்வரை இதைச் சரிவு என்று எழுத முடியாது, ஆழம் குறைந்த நிலநடுக்கமாகவும் இருக்கலாம், அப்படி இருந்து நாம் அவர்களை எழுந்து நடக்கச் சொன்னால் நாமே கொன்ற மாதிரி என்றார். அவர் மேல் எரிந்து விழ வாயைத் திறந்தேன். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

கோழிப்பண்ணைப் பெட்டியின் கேபிளைப் போன மாதம் எலி கடித்துவிட்டது. டெக்னீஷியன் போய்ப் புதிதாக மாட்டிவிட்டு வந்தார். இரண்டு கம்பிகளை மாற்றி இணைத்தால் பெட்டி எல்லாவற்றையும் தலைகீழாகச் சொல்லும், மேலே என்பதைக் கீழே என்றும், கீழே என்பதை மேலே என்றும். அவருக்குப் போன் செய்து கேட்டேன். இத்தனை வருடத்தில் தான் கம்பி மாற்றி மாட்டியதே இல்லை என்று முதலில் கோபித்துக்கொண்டார். அப்புறம், அந்தக் கேபிளில் இரண்டு கம்பியும் கறுப்பாக இருந்தது என்று மெதுவாகச் சொன்னார். சரியாகத்தான் மாட்டியிருப்பேன் என்றார். மாட்டினேன் என்று சொல்லவில்லை.

பண்ணைக்குப் போய்த் திறந்து பார்க்க ஒரு மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரம் இல்லை, ஏனென்றால் திரையில் சின்னச் சின்ன அதிர்வுகள் வர ஆரம்பித்திருந்தன. அவை இடம் மாறிக்கொண்டிருந்தன. முதல் குலுக்கல் நடந்த மேற்கு ஓரத்திலிருந்து ஒவ்வொன்றும் கொஞ்சம் கிழக்கே தள்ளி வந்தது. பாதுகாப்பு அறை கிழக்கே இருக்கிறது.

அப்போது எனக்கு வெடி ஞாபகம் வந்தது. வெடி வைத்தால் ஏழும் மேலே என்றுதான் காட்ட வேண்டும். கேபிள் மாற்றிய பிறகு வைத்த ஒரு வெடியில் கோழிப்பண்ணை கீழே என்று காட்டினால் அது தலைகீழ், அவ்வளவுதான். இதை எப்போதோ பார்த்திருக்க வேண்டும். ஆனால் வெடி என்று தெரிந்ததும் கணினி அதைத் தனியாக ஒதுக்கிவிடும், எங்களில் யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை. தம்பியைக் கிண்டல் செய்ய நான் பார்ப்பதும் தண்ணீர்த் தொட்டியை மட்டும்தான்.

முந்தின நாள் வெடியைத் தேடி எடுத்தேன். கோழிப்பண்ணைக் கோட்டில் ஒன்றும் புரியவில்லை. கொட்டகையில் பெரிய மின்விசிறிகள் ஓடுகின்றன, கோடு முழுக்க இரைச்சல். அதற்கு முந்தின நாளும் இரைச்சல்தான். இன்னும் பின்னால் போனேன். ஒன்றில் தீவன லாரி வந்திருக்கிறது. ஒன்றில் துள்ளலே தெரியவில்லை. என் தம்பி வைத்த வெடிகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடினேன், ஒவ்வொன்றிலும் அவன் உயிரோடு, சாயங்காலம் வீட்டுக்கு வந்தவனாக இருந்தான். கண்ணில் நீர் முட்டியது. இப்போது அழுதால் கோடு தெரியாது என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

ஒரு பதிவு மட்டும் துடைத்து வைத்தது போல இருந்தது. அன்று மதியம் பண்ணைப் பக்கம் மின்சாரம் போயிருக்கிறது, விசிறிகள் நின்றிருக்கின்றன, பேட்டரியில் ஓடும் எங்கள் பெட்டி மட்டும் நிற்கவில்லை. ஆறு பெட்டிகள் மேலே. கோழிப்பண்ணை கீழே, ஆணி அடித்த மாதிரி.

பொறுங்க குனிந்து பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. புதிய அறிவிப்பைத் தானே தட்டினார், அடியில் என் பெயரோடு தன் பெயரையும் போட்டார். நிலநடுக்கம் இல்லை, சுரங்கச் சரிவு, ஆழம் அரை கிலோமீட்டர். அனுப்பிவிட்டு அவர் அப்படியே என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் நின்றுகொண்டே அதிகாரிக்குப் போன் போட்டேன்.

அவர் நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்.

"உங்க தம்பி உள்ள இல்லேன்னா, இதையே சொல்வீங்களாம்மா?"

"அவன் இல்லேன்னா இவ்ளோ தேடிப் பார்த்திருக்கவே மாட்டேன் சார். ஆனா பார்த்தப்ப தெரிஞ்சது இதுதான்."

அவர் பெருமூச்சு விட்டார். எழுந்து நடக்கச் சொல்வதைவிட உட்காரச் சொல்வது எவ்வளவு சுலபம் என்று அந்த மூச்சிலேயே தெரிந்தது. அவர்கள் என் பேச்சைக் கேட்பார்களோ மாட்டார்களோ, உங்கள் தம்பியிடம் நீங்களே சொல்லுங்கள் என்று அறைத் தொலைபேசியோடு இணைத்துவிட்டார்.

முதலில் கேட்டது தம்பி குரல் இல்லை. பின்னால் யாரோ ஏதோ சொல்ல எல்லோரும் சிரிக்கும் சத்தம். சொன்னது 'ரேடியோ'வாகத்தான் இருக்கும். பம்பு பார்க்கிறவர். விழித்திருக்கும்வரை வாய் ஓயாது என்பதால் அந்தப் பெயர். தம்பி வீட்டில் பாதிப் பேச்சு அவரைப் பற்றித்தான்.

"அக்காவா? என்னக்கா இங்க போன் பண்ற?"

"வெளிய வாங்கடா. எல்லாரும். இப்பவே."

"உட்காரச் சொன்னதே உங்க ஆபீஸ்தானே?"

"தப்பா சொல்லிட்டோம். அது நிலநடுக்கம் இல்லடா. மேற்குப் பக்கம் கூரை விழுந்திருக்கு. உங்க பக்கம் நகர்ந்து வருது."

பின்னால் இருந்த சிரிப்பு நின்றுவிட்டது.

"பெரிய வழி மேற்காலதான் போகுது," என்றான். "பழைய காத்து வழியிலதான் வரணும். அந்தக் கூரையை எனக்குப் பிடிக்கலக்கா. நிச்சயமாத் தெரியுமா உனக்கு?"

"நிச்சயம்," என்றேன்.

நடந்தது சரிவு என்பது எனக்கு நிச்சயம். அந்த அறை விழுமா விழாதா என்பது எனக்கு மட்டுமல்ல, எந்தக் கொம்பனுக்கும் தெரியாது. ஏழு கோடுகள் நடந்ததைச் சொல்லும், நடக்கப்போவதைச் சொல்லாது. அவன் கேட்டது நடக்கப்போவதை. நான் நடந்ததை நினைத்துக்கொண்டு பதில் சொன்னேன், அவன் அதை நம்பி எழுந்தான். எல்லாரும் விளக்கை எடுங்க என்று அவன் சொல்வது கேட்டது, அதோடு இணைப்பு போயிற்று.

அதன் பிறகு செய்ய ஒன்றுமில்லை. பழைய காற்று வழி எங்கே போகிறது என்று பார்க்கப் பொறுங்க சுரங்கத்தின் வரைபடத்தைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். ஒவ்வொரு அதிர்வு வரும்போதும் நான் இடத்தைக் கணக்குப் போட்டேன், அவர் படத்தில் பென்சிலால் புள்ளி வைத்தார். தம்பி மனைவி மூன்று தடவை போன் செய்தாள், மூன்று தடவையும் எடுக்கவில்லை. எடுத்தால் என்ன சொல்வேன்? மறுபடி ஒரு எண்ணா? என் ஈரக்குலை நடுங்கிக்கொண்டிருந்தது. அது வெறும் பேச்சு வழக்கு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

ஒரு அதிர்வு வந்தது, மிகச் சின்னது. வேறு நாளாக இருந்தால் அதைக் கணக்கிலேயே எடுக்கமாட்டேன். இடத்தைச் சொன்னேன். பொறுங்க பென்சிலை வைக்கப் போனவர், வைக்காமல் கையை எடுத்துவிட்டார். அந்தப் புள்ளி காற்று வழியின் மேலேயே விழுந்தது.

வெளியே வந்தவர்கள் பத்துப் பேர். அதிகாரி போனில் சொன்னபோது முதலில் தம்பி பெயரைத்தான் சொன்னார், நல்ல மனிதர். தோள்பட்டை எலும்பு முறிந்திருக்கிறது, உயிருக்கு ஆபத்தில்லை. ரேடியோ கடைசியில் வந்துகொண்டிருந்தாராம். அவர் மேல் கல் விழுந்துவிட்டது. என் தம்பி ஒரு கையால் அந்தக் கல்லைத் தோண்டிக்கொண்டிருந்தானாம், மூன்று பேர் சேர்ந்து அவனை இழுத்துக்கொண்டு வர வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் அவன் மனைவி அவன் காலைப் பிடித்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கட்டிக்கொண்டு, "அண்ணி, நீங்க இல்லேன்னா…" என்று அழுதாள். தம்பி அவளைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தான்.

"அந்த ரூம் விழுந்துச்சாக்கா?"

"இன்னும் இல்லடா."

'இன்னும்' என்று ஏன் சொன்னேன்? அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

அந்த அறை விழவில்லை. மறுநாளும் விழவில்லை, அதற்கு அடுத்த வாரமும் விழவில்லை. அதிர்வுகள் அறைக்குச் சற்று முன்னால்வரை வந்து, ஏதோ யோசிப்பது போல நின்றுவிட்டன. சுரங்கத்தை மூடிவிட்டு விசாரணை வைத்தார்கள். கேட்டவர்கள் எல்லோரும் மரியாதையாகத்தான் கேட்டார்கள். அறை நிற்கிறது, உள்ளே காற்றும் தண்ணீரும் இருந்திருக்கின்றன, உட்கார்ந்திருந்தால் பதினோரு பேரும் வந்திருப்பார்களா என்று கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்று சொன்னேன். பொறுங்க என் பக்கத்தில் உட்கார்ந்து, அன்று கையில் இருந்த பதிவுகளை வைத்து வேறு முடிவு எடுத்திருக்க முடியாது என்று ஒவ்வொரு தடவையும் சொன்னார். நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனால் தெருவில் யாரும் பதிவுகளைப் பார்க்கவில்லை. அக்கா தம்பிக்காக எல்லாரையும் கிளப்பிவிட்டாள் என்று காதுபடவே பேசினார்கள்.

ரேடியோவின் மனைவி ஒருநாள் மூன்று மாடி ஏறி வந்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். எனக்கு அது வேண்டியும் இருந்தது, திருப்பி நானும் கத்திவிடலாம். அவர் என் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து, இந்தக் கோடுகள்தானா என்று கேட்டார். இவைதான் என்றேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கயே இருந்திருந்தா இருந்திருப்பாரா?"

"தெரியலம்மா."

"அவரு பேசிக்கிட்டே இருப்பாரு," என்றார். "வீட்ல இப்ப சத்தமே இல்ல."

அவர் இறங்கிப் போகும்வரை நான் எழுந்திருக்கவில்லை.

அன்றிலிருந்து எனக்குள் ஒன்று ஆரம்பித்தது, அதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அந்த அறை விழ வேண்டும் என்று ஆசைப்பட்டேன். காலையில் வந்ததும் பையைக்கூட வைக்காமல் கிழக்குப் பக்கப் பதிவுகளைத் திறப்பேன். ஒன்றுமில்லை என்றால் முகம் விழுந்துவிடும். சாப்பிடும்போது, பல் தேய்க்கும்போது, மனசுக்குள் விழு, விழுந்து தொலை என்று முணுமுணுத்துக்கொண்டிருப்பேன். அது விழுந்தால் நான் சொன்னது சரி. ரேடியோ போனது வீணில்லை, மற்றப் பத்துப் பேரை நான் காப்பாற்றியிருக்கிறேன். விழாவிட்டால் நான் ஒருத்தரைக் கொன்றிருக்கிறேன். இப்படி இரண்டு பக்கம் மட்டும் வைத்த தராசு ஒன்றை எனக்குள் தூக்கிக்கொண்டு அலைந்தேன். வீட்டில் தம்பி தோளில் கட்டோடு மாடிப்படியில் உட்கார்ந்திருப்பான். நான் உள்ளே நுழையும்போது நிமிர்ந்து பார்ப்பான். நான் தலையை ஆட்டுவேன், இல்லை. எங்களுக்குள் இருந்த கிண்டலெல்லாம் போய், இந்தத் தலையாட்டல் ஒன்றுதான் மிச்சம்.

அப்படி ஒருநாள் மதியம் நான் கைகழுவிவிட்டு வந்து உட்கார்ந்த நேரம், கண்ணாடி லேசாக அதிர்ந்தது. திரையில் ஏழு கோடுகளும் ஒரே சமயத்தில் துள்ளின. கணினி விடையைச் சொல்ல நான் காத்திருக்கவில்லை. ஒவ்வொன்றாகப் பெரிதாக்கினேன். தண்ணீர்த் தொட்டி கீழே, பள்ளிக்கூடம் கீழே. கம்பியைச் சரி செய்த கோழிப்பண்ணையும் கீழே. ஏழும் கீழே. இடத்தைக் கணக்குப் போட்டபோது என் விரல்கள் பரபரத்தன. கிழக்கு, கடைசி மட்டம், அறை இருக்கும் இடமேதான்.

"விழுந்துடுச்சு," என்று கத்தினேன். அறையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். பொறுங்க தன் இடத்திலிருந்து எழுந்து வருவதற்குள் தம்பிக்குப் போன் போட்டுவிட்டேன்.

"விழுந்துடுச்சுடா. அந்த ரூம் விழுந்துடுச்சு. ஏழும் கீழ காட்டுது, நான் சொன்னது சரிடா."

மறுபக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அழுகிறான் என்று நினைத்தேன்.

"உள்ள யாருக்கா இருந்தாங்க?" என்று கேட்டான்.

விசாரணைக்காரர்கள் அன்று அறையை அளக்க இறங்குகிறார்கள் என்று முந்தின நாள்தான் பாதுகாப்பு அதிகாரி என்னிடம் சொல்லியிருந்தார். அவரும் கூடப் போவதாகச் சொன்னார். நான் சரி சார் என்றேன். கேட்டேன், சரி என்றேன், மறந்தேன். ஒரு கையில் தம்பியின் அழைப்பை அப்படியே பிடித்துக்கொண்டு, மேசைத் தொலைபேசியில் அதிகாரியின் எண்ணைத் தட்டினேன். தப்பாகத் தட்டினேன். மறுபடி தட்டினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நான் இத்தனை நாள் வேண்டிக்கொண்டது இப்போது என் கையில் இருந்தது. அதை எங்கே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் எடுத்தார். பின்னால் தட்டுகளின் சத்தம். சாப்பாட்டுக்காக எல்லோரும் மேலே வந்திருந்தார்கள், கால் மணி நேரம் முன்னால்தான். எல்லோருமா என்று கேட்டேன். எல்லோரும் என்றார். எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள் சார் என்றேன். அவர் எண்ணினார், ஒவ்வொருவராக, சத்தமாக.

தம்பியின் அழைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை. காதில் வைத்தேன்.

"யாரும் இல்லடா. எல்லாரும் மேல வந்துட்டாங்க."

"நீ எனக்குப் போன் பண்றதுக்கு முன்னாடி அதைக் கேக்கலையா?"

"இல்லடா," என்றேன்.

அவன் போனை வைக்கவில்லை.